மறைப்பும் மருத்துவமும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் கிளியனூர். அதற்குக் கிழக்கே கடலோரமாக மரக்காணத்தின் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. சங்க நூல்கள் குறிப்பிடும் எயிற்பட்டினம் இக்கடற்கரையே என்பர் ஆய்வாளர். பழமைக்கும் உப்புக்கும் பெயர் பெற்ற இவ்வட்டாரத்திற்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதனை நம்மவர்களில் பலர் அறியார். 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஓரிரவு நடந்த நிகழ்ச்சி, தென்னாட்டுப் பெண்களின் மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்புமுனையாக அமைந்தது. அவ்விரவில் மருத்துவர் வீட்டின் கதவைத் தட்டியவர் மூவர். அம்மூவரில் ஒருவர் முஸ்லிம். ஆகவே அது நமது வரலாறுமாகும்.

திண்டிவனத்து இரவு

அந்நாளில் திண்டிவனத்தில் அமெரிக்க மிஷன் மருத்துவராகப் பணியாற்றியவர் ஜான் ஸ்கடர். அவருடைய மகள் ஐடா, 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவில் படித்து, நோயுற்ற தாய்க்குத் துணையாகச் சிறிது காலம் தங்க வந்திருந்தார். இந்நாட்டில் நிலையாகத் தங்கும் எண்ணமோ, மருத்துவம் படிக்கும் எண்ணமோ அவருக்கு அப்பொழுது இருக்கவில்லை.

ஓரிரவு பிராமண இளைஞர் ஒருவர் வந்தார். தம் இளம் மனைவி பிள்ளைப்பேற்றில் துன்புறுகிறாள், உடனே வரவேண்டும் என்று ஐடாவை அழைத்தார். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பது தம் குல வழக்கத்திற்கு ஆகாது என்று கூறி அவர் திரும்பிவிட்டார். சற்று நேரத்தில் முஸ்லிம் ஒருவர் வந்தார். அவருடைய மனைவிக்கும் அதே நிலை. ஐடா தாமும் உடன் வந்து தந்தைக்கு உதவுவதாகக் கூறியும், குடும்பத்தார் அல்லாத ஆடவர் எவரும் தம் மனைவியின் முகத்தைக் கண்டதில்லை என்று சொல்லி அவரும் போய்விட்டார். மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்தவர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. விடிந்தபோது தெருவில் சாவு மேளம் கேட்டது. ஆளனுப்பி விசாரித்ததில் மூன்று பெண்களுமே இறந்துவிட்ட செய்தி கிடைத்தது.

ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் பயின்றார். 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் மீண்டும் தமிழகம் வந்தார். வேலூரில் ஒரு படுக்கையோடு தொடங்கிய அவரது பணி, 1902இல் 40 படுக்கைகள் கொண்ட பெண்கள் மருத்துவமனையாயிற்று. 1918இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியாயிற்று. ஆடவர் அங்கே பயிலத் தொடங்கியது 1947இல்தான். இன்று உலகறிந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தோற்றுவாய் திண்டிவனத்து அவ்விரவேயாகும்.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் கணவன்மார் மூவரும் என்ன சொன்னார்கள் என்பதைக் கூறுவர். மனைவியர் என்ன விரும்பினார்கள் என்பதைக் கூறுவாரில்லை. அவர்களைக் கேட்டவர் யாருமில்லை போலும்!

மார்க்கம் எதனைச் சொன்னது?

அந்த முஸ்லிம் கணவரைக் கல்நெஞ்சர் என்று நாம் கருதுவதற்கில்லை. நள்ளிரவில் உதவி தேடி ஓடி வந்தவர் அவர். தாம் செய்வது மார்க்கத்திற்கு உகந்தது என்றே அவர் நம்பியிருப்பார். எனினும் மார்க்கச் சட்டம் அவ்வாறு அவரைக் கட்டுப்படுத்தியதா என்பதை நாம் பார்க்கவேண்டும்.

நம் கரையோர ஊர்களில் பெருவழக்காக உள்ள ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்று இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜ். ஏழு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட அந்நூல், சிகிச்சையின் பொருட்டுப் பார்ப்பதும் தொடுவதும் ஆகும் என்று கூறுகிறது. பெண் மருத்துவர் இருந்தால் அவரிடம் செல்ல வேண்டும். இல்லையெனில், துணை ஒருவர் உடனிருக்க, தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பார்க்கலாம் என்பது சட்ட விளக்கங்களில் காணப்படும் ஒழுங்கு. ஆகவே அவ்விரவு திண்டிவனத்தில் கதவை அடைத்தது சட்டமன்று. சட்டத்தை அறியாத வழக்கமே.

உடலைப் பற்றிக் கேட்டறிவதை வெட்கக்கேடாகக் கருதும் மனப்பான்மையும் அத்தகையதே. மதீனத்து அன்சாரிப் பெண்கள் மார்க்க அறிவைத் தேடுவதில் வெட்கம் தங்களைத் தடுக்க விட்டதில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியுள்ளார்கள். மாதவிடாய் முடிந்ததா இல்லையா என்ற ஐயம் எழுந்தபோது, மஞ்சள் நிறம் படிந்த பஞ்சைச் சிமிழில் இட்டு அப்பெண்கள் அன்னையாரிடம் அனுப்பிக் கேட்டிருக்கின்றனர். ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) என்னும் பெண்மணி தமக்கு உதிரம் நிற்கவேயில்லை என்று பெருமானார் (ஸல்) அவர்களிடமே முறையிட்டார். அது மாதவிடாய் அன்று, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று விளக்கி, அவர் தொழலாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள்.

இதிலிருந்து விரிந்ததே ஃபிக்ஹு நூல்களில் நாம் காணும் ஹைளு, நிஃபாஸ், இஸ்திஹாளா என்னும் முப்பகுப்பு. ஹைளு என்பது மாதவிடாய். நிஃபாஸ் என்பது பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் உதிரம். இஸ்திஹாளா என்பது இவ்விரண்டும் அல்லாத உதிரப்போக்கு. ஹைளின் உச்ச வரம்பு ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாட்கள், ஹனஃபீ மத்ஹபில் 10 நாட்கள். நிஃபாஸுக்கு முறையே 60, 40 நாட்கள். இக்கணக்கைத் தொழுகைக்கும் நோன்புக்கும் உரியதாக மட்டுமே நாம் ஓதி வந்துள்ளோம். இயற்கையான உதிரம் எது, இயற்கைக்கு மாறானது எது என்று பெண் தானே கவனித்து அறியவேண்டும் என்னும் பாடமும் அதில் அடங்கியுள்ளது. ஆயினும் இவ்வரம்பு வழிபாட்டுக்கு உரியது; மருத்துவரைக் காண இவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. 7, 8 நாட்களைக் கடந்து உதிரம் நீடித்தாலோ, பெருமளவில் போனாலோ மருத்துவரை நாடுவதே முறை.

குர்துபா முதல் சென்னை வரை

மருத்துவத் துறையிலும் நம் முன்னோர் வாளாவிருக்கவில்லை. கி.பி. 1013 வாக்கில் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, ஸ்பெயினில் குர்துபாவை அடுத்த ஸஹ்ரா நகரத்தவர். அவர் இயற்றிய அத்தஸ்ரீஃப் என்னும் பெருநூலின் முப்பதாவது பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்கள் அதில் உள்ளன. பிறப்புறுப்பை விரித்துப் பார்த்து நோயறியும் திருகுக் கருவியும் அவற்றுள் ஒன்று. இடர்மிக்க பிள்ளைப்பேறுகளில் மருத்துவச்சிகள் செய்யவேண்டுவனவற்றை அவர் தனி அத்தியாயமாகவே எழுதினார். பெண்களின் மூத்திரக் கல்லை அகற்றுவது பற்றிக் கூறுமிடத்தில், இதில் தேர்ந்த பெண் மருத்துவர் அரிதாகவே கிடைக்கிறார் என்பதைத் தடைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறார். திண்டிவனத்தில் ஏற்பட்ட அதே குறை, ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அறிஞரால் எழுதிவைக்கப்பட்டிருந்தது! ஜெரார்டு என்பவர் 12ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை இலத்தீனில் பெயர்த்தபின், ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் பல நூற்றாண்டுக் காலம் இதனைப் பயின்றனர்.

இத்துறையின் வரலாற்றில் கறை படிந்த பக்கமும் உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் 1845 முதல் 1849 வரை மாரியன் சிம்ஸ் என்னும் மருத்துவர், பிள்ளைப்பேற்றின்போது மூத்திரப்பை கிழிந்து சிறுநீர் ஓயாது ஒழுகும் நோய்க்கு அறுவை முறை கண்டார். இன்றைய பரிசோதனைக் கருவிகளுள் ஒன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் அம்முறையை அவர் அடிமைப் பெண்கள் மீது, மயக்க மருந்தின்றித் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தே கண்டறிந்தார். அனார்க்கா, பெட்சி, லூசி என்னும் மூவரின் பெயர்களே இன்று தெரிகின்றன. சில பெண்கள் மறைப்பினால் மருத்துவமின்றி மாண்டனர். வேறு சிலர் மறைத்துக்கொள்ளும் உரிமையே பறிக்கப்பட்டு மருத்துவத்திற்குப் பலியாயினர். மானமும் மருத்துவமும் இரண்டுமே பெண்ணுக்கு உரியவை.

இரண்டையும் ஒன்றுசேர்க்கும் முயற்சி சென்னையில் நடந்தது. வழக்கறிஞர் ஒருவரின் துணைவியாகச் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் அம்மையார், பிள்ளைப்பேற்றில் பெண்கள் படும் துன்பத்தைக் கேட்டறிந்தார். ஆண் மருத்துவரைக் காணாத கோஷாப் பெண்களின் நிலை அவர் உள்ளத்தை உருக்கிற்று. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி அவரையும் வேறு மூன்று பெண்களையும் மாணவியராகச் சேர்த்துக்கொண்டது. மேற்படிப்பை இலண்டனில் முடித்து 1883இல் திரும்பிய அவரது முயற்சியால், 1885இல் கோஷாப் பெண்களுக்கும் உயர்சாதி இந்துப் பெண்களுக்குமாக ஒரு மருத்துவமனை தோன்றியது. பின்னர் அது சேப்பாக்கத்தில் நிலைபெற்றது. கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறியபின்னும், திருவல்லிக்கேணி மக்கள் அதனைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைத்து வருகின்றனர். திண்டிவனத்து மூவர் இறந்தபோது சென்னையில் இம்மருத்துவமனை நடைபெற்றுக்கொண்டுதான் இருந்தது. அதன் நிழல் அத்துணைத் தொலைவு எட்டவில்லை.

அறிய வேண்டிய அமைப்பு

இன்று கிளியனூர்ப் பகுதியினர் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ பேருந்தேறிச் சென்று வரலாம். பெண் மருத்துவர்கள் ஏராளமாக உள்ளனர். நம் சமுதாயத்துப் பெண்மக்களும் அவர்களுள் உண்டு. எனினும் நோயைச் சொல்லக் கூசி ஆண்டுக்கணக்கில் அடக்கி வைத்திருக்கும் தாய்மார் இன்றும் இருக்கின்றனர். அவ்விடத்தை என்ன பெயரிட்டுச் சொல்வது என்றே அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆகவே அடிப்படையான சில செய்திகளைத் தெளிவாகக் கூறுவது நம் கடமை.

பெண்ணின் அடிப்பகுதியில் மூன்று வழிகள் உள்ளன. முன்னே சிறுநீர் வழி, நடுவே யோனி எனப்படும் பிறப்பு வழி, பின்னே மலவழி. சிறுநீரும் உதிரமும் ஒரே வழியில் வருவதாகப் பலர் எண்ணுகின்றனர், அது தவறு. வெளியே தெரியும் இதழ்கள் புற உறுப்பு. யோனி என்பது உட்புறமாகச் செல்லும் தசைக்குழாய். சுமார் 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ளது. மடிப்புகள் கொண்ட சுவராதலால், பிள்ளைப்பேற்றின்போது குழந்தை வெளிவரும் அளவுக்கு விரிந்து கொடுக்கிறது. அதன் மேல்முனையில் கர்ப்பப்பையின் வாய் இருக்கிறது.

யோனியின் தொடக்கத்தில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. இதன் அமைப்பு பெண்ணுக்குப் பெண் மாறுபடும். முதல் கூடலில் உதிரம் வரும் பெண்களும் உண்டு. வாராத பெண்களும் உண்டு. இதனைக் கொண்டு கற்பை அளக்க இயலாது என்பது மருத்துவத்தின் முடிவு. உலக சுகாதார நிறுவனமும் 2018இல் இத்தகைய சோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று அறிவித்தது. மணமகள் மீது ஐயம் கொள்வோர், நான்கு சாட்சிகளின்றிப் பெண்மீது பழி சுமத்துவதை மார்க்கம் எத்துணைக் கடுமையாகத் தண்டிக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

யோனிக்குள் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தயிரைப் புளிக்கச் செய்யும் கிருமிகளுக்கு உறவானவை அவை. இலேசான புளிப்புத் தன்மையை உண்டாக்கித் தீய கிருமிகள் பெருகாமல் காக்கின்றன. இவ்வுறுப்பு தன்னைத் தானே தூய்மை செய்துகொள்கிறது. சோப்பு, டெட்டால், வாசனைத் திரவம் முதலியவற்றால் உள்ளே கழுவினால் அக்காவல் அழிந்து நோய் புகும். ஷாஃபிஈ நூல்களும், குந்தி அமரும்போது வெளியே தெரியும் பகுதியைக் கழுவுவதே கடமை, உட்பகுதியைக் கழுவ வேண்டியதில்லை என்றே கூறுகின்றன. முன்னிருந்து பின்னாகக் கழுவுதலே முறை.

எது இயல்பு, எது நோய்?

வெள்ளைப்படுதலைக் கண்டு உடம்பே உருகிப் போகிறது என்று அஞ்சுவோர் பலர். நிறமற்றதாகவோ வெண்மையாகவோ, கெட்ட வாடையும் அரிப்பும் இன்றிப் படுவது இயல்பான ஈரமே. மாதவிடாய் நாட்களுக்கு இடையிலும் கருவுற்றிருக்கும் காலத்திலும் அது மிகுதியாகும். ஃபிக்ஹு நூல்கள் இவ்வீரத்தை ஹைளோடு சேர்க்காமல் தனியே பேசுகின்றன.

கடும் அரிப்போடு தயிர்த் திப்பி போல் படுமானால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும், கிருமிக்கொல்லி மருந்து உண்டவர்களுக்கும் இது எளிதில் வரும். அடிக்கடி வந்தால் சர்க்கரையைச் சோதித்துப் பார்ப்பது அவசியம். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடை வீசுமானால், நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து வேறு கிருமிகள் பெருகிவிட்டன என்பதற்கு அடையாளம். மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வருமானால், அது கூடலின் வழியே பரவும் தொற்றாக இருக்கலாம். மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை, கணவரும் சேர்ந்து உண்ணவேண்டும். இவை யாவும் மருந்தினால் குணமாகக் கூடியவை. ஆனால் அடையாளங்கள் ஒன்றோடொன்று கலந்து வருவதால், கடையில் தாமே மருந்து வாங்காமல் மருத்துவர் சோதித்த பின்னரே உண்ணவேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சிக்கும் எரிச்சலுக்கும்கூட நல்ல மருந்துகள் உள்ளன.

உப்பளப் பெண்களின் நிலையைத் தனியே சொல்லவேண்டும். கோடை வெயிலில் உப்பு வாரிக் கூடையில் சுமக்கும் அவர்களுக்கு ஒதுங்க மறைவிடம் கிடைப்பது அரிது. அதற்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்துக் குடித்துச் சிறுநீரை அடக்கினால் சிறுநீர்த் தொற்று வருகிறது. பெண்ணின் சிறுநீர் வழி நான்கு சென்டிமீட்டர் அளவே ஆதலால் கிருமி எளிதில் மேலேறும். மாதவிடாய்த் துணியை மற்றவர் கண்ணில் படாமல் இருட்டில் உலர்த்துவதும் கேடு. சோப்பிட்டு அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே பளு தூக்குவது கர்ப்பப்பை இறங்குவதற்கு ஏதுவாகும். கீழே ஏதோ தள்ளுவது போன்ற உணர்வைப் பெண்கள் விதியென்று பொறுத்திருக்க வேண்டியதில்லை. அதற்குப் பயிற்சியும், தாங்கு வளையமும், அறுவை மருத்துவமும் உண்டு.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இதற்குக் காரணம் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் என்பதை 1980களில் நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சுர் ஹாசன், 2008இல் நோபல் பரிசு பெற்றார். பெரும்பாலோரிடம் இவ்வைரஸ் தானே மறைந்துவிடும். தங்கிவிட்டால் பல ஆண்டுகள் கழித்தே புற்றாக மாறும். அந்த இடைக்காலமே நமக்குக் கிடைத்த அவகாசம். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுள்ள பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. கர்ப்பப்பை வாயில் அமிலக் கரைசலைத் தடவி, நிறம் மாறுகிறதா என்று செவிலியர் கண்ணாலேயே பார்க்கும் எளிய சோதனை அது. இச்சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேரும் சாவு 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் வெளியான முடிவு காட்டியது. இத்தகைய சோதனை தமிழக அரசு மருத்துவமனைகளில் செய்யப்படுகிறது. 30 வயதைக் கடந்த தாய்மார் செய்துகொள்ள வேண்டும். 9 முதல் 14 வயதுள்ள பெண்மக்களுக்குத் தடுப்பூசி இடுமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

கூடலுக்குப்பின் உதிரம், மாதவிடாய்களுக்கிடையே உதிரம், மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளியேனும் உதிரம், வாடையுடன் கூடிய நீர்ப்போக்கு, நீங்காத அடிவயிற்று வலி, ஆறாத புண் அல்லது கட்டி ஆகிய இவற்றுள் எதனைக் கண்டாலும் காலந்தாழ்த்தக் கூடாது.

நம் கடமை

பெண் மருத்துவர் இல்லையே என்ற குறை திண்டிவனத்தில் மூன்று உயிர்களைக் கொண்டுபோயிற்று. அக்குறையை நீக்க மேரி ஷார்லீபும் ஐடா ஸ்கடரும் தம் வாழ்நாளையே செலவிட்டனர். எஞ்சியிருப்பது நம் வீடுகளுக்குள் நிலவும் பேசாமை. மகள் பருவமெய்துவதற்கு முன்னரே இவற்றைத் தாய் எடுத்துரைக்க வேண்டும். மனைவியின் முகவாட்டத்தைக் கண்டு காரணம் வினவிக் கணவன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். ஹைளு, நிஃபாஸ் பாடம் நடத்தும் பெண்கள் மத்ரஸாக்கள், ஆண்டுக்கொருமுறையேனும் ஒரு பெண் மருத்துவரை அழைத்து அப்பாடத்தின் அருகே இப்பாடத்தையும் நடத்தச் செய்யலாம். வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதை நாம் அறிவோம். அந்த வெட்கத்தோடு வாழ்ந்துகொண்டே மதீனத்துப் பெண்கள் கேட்கவேண்டியதைக் கேட்டார்கள். நம் பெண்மக்களும் கேட்கட்டும்; கேட்டால் விடை சொல்லும் நிலையில் நாமும் இருப்போமாக.